நாற்பது வாங்கி நூற்றுப் பன்னிரண்டு விற்றவர்

"முதலாளி, கணக்குல என்னமோ தப்பு இருக்குங்க. லாபம் ரொம்பக் கூட வருது!"

கணக்குப்பிள்ளை செல்லசாமி இப்படிச் சொன்னதும் பாவா முதலாளிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஹட்டன் கடைவீதியில் இருபது வருஷமாக மோட்டார் சாமான் விற்கிற மனிதர். லாபத்தைத் தப்பு என்று சொல்கிற கணக்குப்பிள்ளையை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"லாபம் வந்தா சந்தோஷப்படு மனுசா! எவ்வளவு?"

"பதினோராயிரங்க. போன வருஷம் நாலாயிரந்தான்."

பாவா எழுந்தே விட்டார். இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று எப்பேர்ப்பட்ட வருஷம்! வெளிநாட்டுச் சாமானுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டு, கொழும்புக் கம்பனிகள் கையை விரித்து, பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருந்த வருஷம். அதில் பதினோராயிரம் என்றால் சும்மாவா?

"கமறியா!" கடைக்குப் பின்னாலிருந்த வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டார். "ஹஜ்ஜுக்குப் போறோம் புள்ளே! இந்தத் தடவ கட்டாயம் போறோம்!"

உள்ளே சிரிப்பும் அழுகையுமாக ஒரு குரல் கேட்டது. பத்து வருஷத்து ஆசை அல்லவா அவளுக்கு!

செல்லசாமி மட்டும் சிரிக்கவில்லை. இருப்புப் புத்தகத்தை முதலாளி பக்கம் திருப்பி வைத்தார்.

"இதக் கொஞ்சம் பாருங்க. பிரேக் சிலிண்டர். கொழும்புலருந்து வந்தது நாப்பது. நாம வித்தது நூத்திப் பன்னண்டு. பெட்டிக்கு ஒண்ணா இன்னும் மூணு பெட்டி அலமாரியில மிச்சம் இருக்கு."

பாவாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. நாற்பது வாங்கி நூற்றுப் பன்னிரண்டு விற்க இது என்ன கோழியா, குஞ்சு பொரித்துப் பெருக?

"ஸ்டோர்ச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"உங்க மச்சினன்கிட்டத்தானுங்க."

கமறியாவை 'லாத்தா' என்று கூப்பிடுகிற அவள் தம்பி ரிஸ்விதான் கடையை ஒட்டிய கராஜைப் பார்த்துக்கொள்கிறவன். பிரேக்கில் என்ன கோளாறு என்று சொல்வதும் அவன்தான், சாமானை மாற்றிக் கொடுப்பதும் அவன்தான். பழையதைக் கழற்றிக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும் என்பது கடைச் சட்டம். தட்டுப்பாட்டுக் காலத்தில் யாரும் வாங்கிப் பதுக்கக் கூடாது என்று பாவாவே போட்ட சட்டம் அது. கழற்றிய பழசெல்லாம் கராஜில் ஒரு சாக்கில் கிடக்கும்.

"அந்தச் சாக்க எண்ணிப் பாத்தியா?" பாவா கேட்டார்.

"எண்ணிட்டுத்தான் வாரேன். நூத்திப் பன்னண்டு இருக்கணும். முப்பத்தேழுதான் இருக்கு. எழுவத்தஞ்சக் காணோம்."

யா அல்லாஹ்! தேய்ந்துபோன பழசைக் காலிப் பெட்டியில் போட்டுப் புதுசு என்று விற்றிருக்கிறான் பாவி! பாவா புத்தகத்தை விரலால் தட்டினார்.

"யார் யாருக்குப் போயிருக்கு?"

"அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலைக் கொழுந்து லொறிங்க. நுவரெலியா மரக்கறி லொறிங்க. கொட்டகலையில வாடகைக் கார்க்காரங்க. அப்புறம்... தோட்டத்து ஆஸ்பத்திரி வண்டி ரெண்டுங்க."

"ஐயோ, புள்ளத்தாச்சிங்கள ஏத்திட்டுப் போற வண்டியாச்சே!"

ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம் என்று வளைந்து வளைந்து போகிற பாதை. அதில் பிரேக் பிடிக்காத எழுபத்தைந்து வண்டிகள்!

"அடேய் ரிஸ்வி!"

கையைத் துடைத்துக்கொண்டு வந்தவன், விரித்துக் கிடந்த புத்தகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். பாவா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"எழுவத்தஞ்சு சிலிண்டர் எங்கருந்துடா வந்திச்சு? பழசுதானே?"

"ஓம் மச்சான்." அவன் மறைக்கவில்லை. "லாத்தா பத்து வருஷமா ஹஜ்ஜு ஹஜ்ஜுன்னு ஏங்குறாங்க. சாமானே வராத வருஷத்துல லாபம் எப்பிடி வரும்? அதுதான்..."

"ஹராம் காசுல ஹஜ்ஜாடா?" பளாரென்று ஓர் அறை விழுந்தது. "செல்லசாமி, எழுவத்தஞ்சு பேரு விலாசத்தையும் எழுது! வீடு வீடாப் போய் நானே சொல்றேன். ஒரு உசுரு போனாலும் நான் என்ன பதில் சொல்லுவேன்?"

சத்தம் கேட்டு வந்த கமறியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்ட ஹஜ்ஜு கிடக்கட்டும். முதல்ல அந்த வண்டிகள நிப்பாட்டுங்க!"

"லாத்தா, மச்சான், ரெண்டு பேரும் பதறாதீங்க. ஒரு வண்டிக்கும் ஒண்ணும் ஆகாது."

"தேஞ்சத மாட்டிட்டு ஒண்ணும் ஆகாதா?"

"வல்லாஹி, அதுல தேஞ்சது ஒண்ணுகூட இல்ல. எல்லாம் நல்ல சாமான்."

பாவாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! இத முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? நல்ல சாமான் எப்பிடிடா அந்தச் சாக்குக்குள்ள வந்திச்சு?"

ரிஸ்வி தலையைத் தொங்கப் போட்டான்.

"நல்லா இருந்த பிரேக்கத்தான் போச்சுன்னு சொல்லிக் கழட்டினேன் மச்சான். டிரைவர் எதிர்க்கடையில தேத்தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள, கழட்டினதையே மண்ணெண்ணெயில கழுவி, பெட்டியில போட்டு, அந்த வண்டிக்கே வித்துட்டேன்."