யாரு கயிறு?

எங்கள் படகுத்துறையில் அடுத்தவர் படகை நகர்த்த வேண்டுமானால், "யாரு கயிறு?" என்று மூன்று தடவை உரக்கக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் அவிழ்த்துவிடலாம். இன்று காலை கம்பெனி ஆட்கள், நாங்களெல்லாம் செத்துப்போனது மாதிரி, கேட்காமலே எங்கள் படகுகளை அவிழ்த்துத் துரத்தினார்கள். அந்த இடத்தில் ஒரு மிதவையைக் கட்டி, வரப்போகும் புதுத் துறையின் பொம்மை மாதிரியை அதன்மேல் வைத்தார்கள். மிதவை நிறைய கோட்டு சூட்டு, கேமரா. "எங்க படகெல்லாம் எங்கய்யா?" என்றாள் படகுக்காரி அமலோற்பவம். "இதோ இருக்கே, எவ்வளவு அழகா!" என்று ஒருவர் மாதிரியில் ஒட்டியிருந்த விரல்நீளப் படகைத் தொட்டுக் காட்டினார். அவள் குனிந்து, நீரோட்டத்தில் விறைத்து நின்ற மிதவைக் கயிற்றில் கை வைத்தாள். "யாரு கயிறு?" பேண்டு வாத்தியம் முழங்கியது. "யாரு கயிறு?" யாரும் திரும்பவில்லை. மூன்றாம் தடவை நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினோம். வாழ்த்துகிறோம் என்று நினைத்து, அவர்கள் சிரித்துக் கையசைத்தார்கள்.