டமார் என்றால் மிதி

பின்னாலிருந்து டமார் என்று கேட்டதும், டயர் வெடித்துவிட்டது என்று எனக்கு உயிரே போய்விட்டது.

காலையிலிருந்து இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற எங்கள் வீட்டு வண்டிக்கு ஆறு டயர். எதிலும் பட்டன் தேயவில்லை. தேய்வதற்கு அது எங்கே ஓடியது? வருடத்தில் பாதி நாள் அரிசோனா வெயிலில் சும்மா நின்றே ரப்பர் கிழடாகி, பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தது. யூமா ஊருக்குப் போனதும் மாற்றிவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர் டெல்பர்ட்.

ராத்திரி தின்ற பீன்ஸ் நெஞ்சைக் கரிக்கிறது என்று ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்துவிட்டு, அவர் பின்னால் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். நெடுஞ்சாலையில் நான் ஓட்டுவது இதுதான் முதல் தடவை.

ஆனால் டயர் வெடித்தால் என்ன செய்வது என்கிற பாடம் மட்டும் மனப்பாடம். வண்டியை நிறுத்தித் தங்குகிற முகாமில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால்கூட, முதுகுக்குப் பின்னால் வந்து கையைத் தட்டி என்னைக் குதிக்க வைப்பார்.

"டமார்! இப்போ என்னடி பண்ணுவே, வெர்னா?"

"பிரேக்ல காலே வைக்க மாட்டேன், ஆக்சிலேட்டரை மிதிப்பேன், போதுமா? ஆளை விடுங்க!"

பிரேக் போட்டால் வண்டி வெடித்த பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கவிழ்ந்துவிடும். மிதித்தால்தான் நேராக ஓடும்.

மிதித்தேன். கால் வரமாட்டேன் என்றது. இருந்தும் மிதித்தேன்.

ஸ்டியரிங் ஆடியது. பக்கத்தில் ஒரு பெரிய லாரி உரசுகிற மாதிரி வந்தது. "நல்லாப் பிடிச்சுக்குங்க!" என்று பின்னால் பார்க்காமலே கத்தினேன். இன்ஜின் இரைச்சலில் அவருக்குக் கேட்டதா, தெரியவில்லை.

பிறகு தட், தட் என்று அடிக்கத் தொடங்கியது.

கிழிந்த ரப்பர் சுழன்று வண்டியின் தரையை அடிக்கிறது. இதையும் அவர் சொல்லியிருந்தார். அடித்தால் பதறாதே, அகலமான இடம் வரும்வரை நிறுத்தாமல் போ.

முன்னால் பாலம். ஓரம் கட்ட இடமில்லை. கை வியர்த்து வழுக்கியது. தெரிந்த ஜெபமெல்லாம் பாதிப் பாதியாக வாயில் வந்தது.

பாலத்தின் நடுவில் அந்தத் தட்டல் நின்றுபோனது. ரப்பர் முழுசாகப் பிய்ந்து விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று எனக்கு மூச்சு வந்தது.

பாலம் தாண்டி, மெதுவாகக் காலை எடுத்து, மண்ணில் இறக்கி நிறுத்தினேன். வண்டி கவிழவில்லை. நானே நிறுத்திவிட்டேன். இன்றைக்காவது இந்த மனிதர் என்னைப் பாராட்டித்தான் ஆகவேண்டும்.

இறங்கிப் பார்த்தேன். முன்சக்கரம் இரண்டும் சரியாக இருந்தன.

பின்னால் பக்கத்துக்கு ஒரு ஜோடி. வெளிச்சக்கரம் இரண்டும் நன்றாக இருந்தன. மண்டியிட்டு, உள்சக்கரங்களைக் கைவிட்டுத் தடவினேன். சுட்டது. கிழியவில்லை.

நம்பாமல் இன்னொரு சுற்று வந்தேன்.

ஆறும் முழுசாக இருந்தன.

ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கினாலே சட்டை போடாமல் குதித்து வந்து சக்கரத்தைப் பார்க்கிறவர், இன்னும் இறங்கவில்லை.

அந்த டமார், கட்டிலிலிருந்து அவர் விழுந்த சத்தம். தரையைத் தட்டியது அவர் கை. வண்டியை நிறுத்தச் சொல்லித் தட்டியிருக்கிறார்.

"டெல்பர்ட், டயர் நல்லாத்தான் இருக்குங்க, டயருக்கு ஒண்ணும் ஆகலைங்க" என்று கத்திக்கொண்டே படியேறினேன்.