அடக்கி வைத்தது

“ஹெச்.எம். எங்க? வெளிய வரச் சொல்லுங்க!”

பள்ளிக்கூட கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்திலேயே வெற்றிசெல்வன் கத்தினான். ஒரு கையில் ஸ்கேன் ரிப்போர்ட். இன்னொரு கையில் மகள் கவிநயா. நாலாம் வகுப்பு.

தலைமையாசிரியை ஷர்லி எழுந்து வாசலுக்கு வந்தார்.

“வாங்க சார். பாப்பாவுக்கு இப்ப காய்ச்சல் எப்படி இருக்கு?”

“நீங்க பண்ணுன வேலைக்கு வேற எப்படி இருக்கும்? இதப் படிங்க மொதல்ல!”

காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

புதுக்கோட்டையில் டாக்டரைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் லோடு வண்டியை நேரே இங்கே விட்டிருந்தான். டாக்டரம்மா சொன்னது இன்னும் காதில் நின்றது.

“பிள்ளை ஒண்ணுக்கு ரெண்டுக்கு எல்லாத்தையும் அடக்கி அடக்கி வச்சிருக்கா. உள்ள மலம் கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு. அதைத் தாண்டித்தான் அவளுக்கே தெரியாம கசியுது. யூரினும் முழுசா வெளிய போறதில்ல, அதான் கிருமி. இப்படியே விட்டா கிட்னியைத் தொட்டுடும். அவ வேணும்னு பண்ணல. திட்டாதீங்க, அடிக்காதீங்க.”

ஆறு மாதமாக, மகளின் பாவாடையில் கறையைப் பார்க்கும்போதெல்லாம் முதுகில் நாலு வைத்தவன் அவன்தான். அந்த நினைப்பும் சேர்ந்து இப்போது உள்ளே எரிந்தது.

“காலைல எட்டரைக்கு வர்ற பிள்ள, சாயங்காலம் வரைக்கும் ஒரு தடவகூட ஒண்ணுக்குப் போறதில்லையாம். ‘ஏன்மா ஸ்கூல்ல போறதில்ல?’ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. இவ என்ன சொல்லுவா? நான்தான் சொன்னேன், கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துக் கக்கூசு எந்த லட்சணத்துல இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதான்னு!”

“சார், நம்ம பாத்ரூம்...”

“பேசாதீங்க! ஒங்களுக்குத் தனியா ஒண்ணக் கட்டி, பூட்டு போட்டு வச்சுக்குவீங்க. எங்க பிள்ளைக நாத்தத்துல சாகணும். திங்கக்கெழமை கலெக்டர் ஆபீசுல மனுக் குடுக்குறேன். ஒங்கள இந்த ஊர விட்டே மாத்தல, என் பேரு வெற்றிசெல்வன் இல்ல!”

வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பின்பக்கமாக மருதாயி வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தைப் பெருக்கிக் கழுவும் வேலை அவளுக்கு.

அவளைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

“நீதான இங்க கழுவுறவ? என்னத்தக் கழுவுற? மாசமானா சம்பளம் மட்டும் வாங்கத் தெரியுதுல்ல?”

மருதாயிக்கு அவன் அம்மா வயது.

“வந்து பாத்துட்டுப் பேசுங்க தம்பி” என்றாள். முன்னால் நடந்தாள்.

மகளை இழுத்துக்கொண்டு வெற்றிசெல்வன் பின்னால் போனான். ஷர்லியும் வந்தார்.

கட்டடத்துக்குப் பின்னால் வரிசையாக நாலு கதவுகள். எதிலும் பூட்டு இல்லை. ஒன்றைத் தள்ளினான். தரை காய்ந்து சுத்தமாக இருந்தது. பினாயில் வாசம். குழாயைத் திருகினான். தண்ணீர் கொட்டியது. அடுத்ததைத் தள்ளினான். அதுவும் அப்படித்தான். கடைசிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த இரண்டு சிறுமிகள், இவனைப் பார்த்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடினார்கள்.

“எல்லாப் பிள்ளைகளும் போகுதுக தம்பி. ஒங்க பாப்பா மட்டுந்தான் வராது. வயித்தப் புடிச்சுக்கிட்டு அங்கிட்டு ஓரமா நிக்கும். நெத்தி வேர்த்து ஊத்தும். ‘வா ஆத்தா, இப்பத்தான் கழுவி விட்டேன்’னு கூப்பிடுவேன். தலைய ஆட்டிட்டு ஓடிரும்.”

“நானும் ரெண்டு தடவ ஒங்களுக்குப் போன் பண்ணேன் சார்” என்றார் ஷர்லி. “லோடு ஏத்திக்கிட்டு இருக்கேன்னு கட் பண்ணிட்டீங்க.”

வெற்றிசெல்வனுக்குக் கோபம் அடங்கவில்லை. அது திரும்பி மகள் மேல் பாய்ந்தது.

“ஏண்டி! இவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க, போறதுக்கு ஒனக்கு என்ன கேடு? வாயத் தொறந்து சொன்னா என்ன? ஊரக் கூட்டி என்னக் கேவலப்படுத்தணுமா?”

கை ஓங்கிவிட்டது. ஷர்லி குறுக்கே வந்தார்.

“அடிக்காதீங்க சார். இந்தப் பிள்ளைகிட்ட இதுவரைக்கும் யாராச்சும் காரணம் கேட்டோமா?”

குனிந்து கவிநயாவின் தோளைப் பிடித்தார்.

“பயப்படாம சொல்லும்மா. ஏன் இங்க போறதில்ல?”

கவிநயா டீச்சரைப் பார்க்கவில்லை. மருதாயியையும் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள். அவருக்கு எதற்கு இத்தனை கோபம் என்றே அவளுக்கு விளங்கவில்லை.

“நீங்கதானப்பா சொன்னீங்க, ஒண்ணாப்புல சேத்துவிடயில... காலனிப் பிள்ளைக போற கக்கூசுல நம்ம போகக் கூடாதுன்னு. நான் ஒருநாள்கூடப் போனதில்லப்பா!”