சாம்பல் நிற பட்டன்

"எங்க வெப்சைட்ல ஒரு குறை சொல்லும்மா" என்றார், வடிவமைப்புப் பயிற்சிக்கு நேர்காணல் நடத்திய கமலேசன்.

"விண்ணப்பத்துல 'அனுப்பு' பட்டன் சாம்பல் கலர்ல இருக்கு சார். அப்படி இருந்தா இன்னும் அமுக்க முடியாதுன்னுதான் தோணும். எதை நிரப்பாம விட்டோம்னு எங்க கிளாஸே தேடிட்டிருக்கு" என்றாள் நறுமுகை.

"நீ எப்படி அனுப்பின?"

"கை தவறிப் பட்டுடுச்சு சார்."

அவர் சிரித்துவிட்டார். "அதான் உன்னோடது மட்டும் வந்துச்சா! அந்தக் கலர் என் வேலைதான். நீயே மாத்து. சாயங்காலம் வரைக்கும் விண்ணப்பிக்கலாம்."

மடிக்கணினி அவள் பக்கம் திரும்பியது. அந்தப் பயிற்சிக்கு இருந்ததோ ஒரே ஓர் இடம். பச்சையைத் தேர்ந்தெடுத்தாள். வெயிலில் நின்று பார்ப்பவர்களுக்கும் தெரியட்டும் என்று அதை இன்னும் அடர்த்தியாக்கினாள். பிறகு, சேமிப்பதற்கான விசையில் விரலை வைத்து, அமுக்காமல் இருந்தாள்.