கிரிக்கு ஒரு மெமோ

“இந்த ஒருத்தன் அலட்சியத்தால புராஜெக்டையே இழுத்து மூடற நிலைமை வந்திருக்கு சார்,” என்றார் சாம்பசிவம். டெல்லியிலிருந்து வந்த அதிகாரி முன்னாலேயே, கிரியைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு.

கிரி தலையைக் குனிந்துகொண்டான்.

ஹைதராபாத்தில் ஓர் அரசாங்க ஆராய்ச்சிக்கூடம். அணுக்கழிவு கலந்த தண்ணீரைச் சுத்தம் செய்ய வழி கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. மூன்று வருஷத்துக்கு நிதி வந்தது, முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு வருமா வராதா என்பது, அதிகாரி பத்ரிநாராயணன் இன்று எழுதப்போகிற ஒரு பக்கத்தில் இருக்கிறது.

வராவிட்டால் சாம்பசிவத்துக்கு ஒன்றும் ஆகாது. அவர் நிரந்தர விஞ்ஞானி. கிரி, சுமதி உட்பட தற்காலிக ஆட்கள் நாலு பேரும்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

பத்ரிநாராயணன் தமிழர். முப்பது வருஷமாக ஹிந்தியில் கோபப்பட்டுக் களைத்துப் போனவருக்கு, இன்று தமிழில் கோபப்பட ஆள் கிடைத்திருந்தது.

“இதுக்கு என்னப்பா விளக்கம்?” என்று ரிஜிஸ்டரைத் தட்டினார்.

கதிர்வீச்சுள்ள கழிவைக் கையாளும் அறைக்கு ஹாட் லேப் என்று பெயர். அதற்குள் போகிறவர்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் மாட்டிக்கொள்ள வேண்டும். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை அதைப் பரிசோதனைக்கு அனுப்பினால், யார் மேல் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று எண்ணாகத் திரும்பி வரும்.

“நாலு பேரும் முறை வச்சு ஒரே வேலையைத்தானே செய்யறீங்க? மேல இருக்கிற ரெண்டு பேருக்கும் மூணு மூணு. உனக்கு மட்டும் எப்படி ஆறு?”

“வரம்புக்குள்ளதான் சார் இருக்கு.”

“நான் வரம்பைக் கேட்கலை. எப்படின்னு கேட்டேன்.”

“கவனக்குறைவு சார்,” என்றான் கிரி.

“டெல்லியில நான் என்னன்னு போய்ச் சொல்றது? கழிவைச் சுத்தம் பண்ணக் காசு கொடுத்தோம், அதைச் சட்டையில பூசிக்கிட்டு வர்றாங்கன்னா?”

அவர் விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. சுமதி. எண்: பூஜ்யம். விரல் அங்கேயே நின்றது. நெற்றி சுருங்கியது.

சாம்பசிவம் முந்திக்கொண்டார்.

“பார்த்தீங்களா சார், இந்தப் பொண்ணுக்கு பூஜ்யம். அவ்வளவு கவனம். டேய், அவளைப் பார்த்துக் கத்துக்கோ. இதென்ன லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பா, மேலெல்லாம் கரியைப் பூசிக்கிட்டு வர்றதுக்கு?”

கிரியின் அப்பா லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அது சாம்பசிவத்துக்கும் தெரியும்.

ஓரமாக நின்ற சுமதிக்கு முகம் வெளுத்துவிட்டது. “சார், அது வந்து...” என்று ஆரம்பித்தாள்.

“நீ போய் சாருக்கு டீ சொல்லிட்டு வாம்மா,” என்று அவளை வெளியே அனுப்பினார் சாம்பசிவம்.

பத்ரிநாராயணனின் நெற்றி மெல்ல விரிந்தது. “முறையா செஞ்சா பூஜ்யமே சாத்தியம்ங்கறீங்க. நல்ல விஷயம், எழுதிக்கறேன். இவனை என்ன பண்ணப் போறீங்க?”

“இன்னிக்கே மெமோ சார்.”

பத்ரிநாராயணன் எழுதினார். பாதுகாப்பு நடைமுறைகள் சிறப்பு. தவறு செய்த ஊழியர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. நிதி தொடரலாம். டீயைக் குடித்தார், ஒஸ்மானியா பிஸ்கட் இரண்டு டப்பாவோடு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினார்.

அன்று மதியம் கேன்டீனில் சாம்பசிவத்துக்குக் கிடைத்த பட்டங்களை இங்கே அச்சிட முடியாது.

சாயங்காலம் கிரியைக் கூப்பிட்டார். மேஜை மேல் மெமோ தயாராக இருந்தது.

“கையெழுத்துப் போடு.”

போட்டான். “சார், என் வேலை?”

“இருக்கு. ஆனா அடுத்த மூணு மாசம் நீ ஹாட் லேப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது.”

கிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயோ, நக்கோ சார், வேண்டாம். நான் போகலைன்னா...” பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“நீ போகலைன்னா சுமதி போகணும். அதானே? எத்தனாவது மாசம்டா அவளுக்கு?”

கிரி கதவைச் சாத்திவிட்டு வந்தான். “அஞ்சு சார்.”

கர்ப்பிணி ஹாட் லேபுக்குள் போகக் கூடாது என்பது விதி. ஹாட் லேபுக்குள் போக முடியாத தற்காலிக ஆளுக்கு வேலை கிடையாது என்பதும் விதி. அமெரிக்காவில் ஏதோ பேங்க் திவாலானதில், சுமதியின் கணவனுக்கு ஹைடெக் சிட்டியில் வேலை போய் ஆறு மாசமாகிறது. அதனால் அவள் முறைக்கும் கிரியே உள்ளே போய்க்கொண்டிருந்தான், தன் பேட்ஜை மாட்டிக்கொண்டு.

“உங்களுக்கு எப்போ சார் தெரிஞ்சது?”

“அந்த ஆள் விரல் பூஜ்யத்துல போய் நின்னப்போதான். ரெண்டு பேர் வேலையை ஒருத்தன் செஞ்சா ஆறுதானே வரும். அவர் இன்னொரு கேள்வி கேட்டிருந்தா அந்தப் பொண்ணு இன்னிக்கே வீட்டுக்குப் போயிருப்பா. அதான் உன் மேல பாய்ஞ்சேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்கப்பாவை இழுத்திருக்கக் கூடாது. தப்புதான்.”

“பரவாயில்லை சார். ஆனா இனிமே அவங்க முறைக்கு யாரு?”

“அவ முறைக்கும் நான்தான், உன் முறைக்கும் நான்தான்.”

“உங்க பேட்ஜுல ஏறுமே சார்.”

“ஏறட்டும். எனக்கு மெமோ கொடுக்க வேண்டியவரோட சீட் ஒன்றரை வருஷமா காலி.”