முதல் வாய்

கடைத்தெருவில் ஈக்கும் எறும்புக்கும் கரப்பானுக்கும் நல்ல சிநேகம். மூவரும் ஒவ்வொரு மிட்டாய்க் கடையாகப் போய், இங்கே ஜாங்கிரி, அங்கே அல்வா என்று ருசி பார்ப்பார்கள். எந்தக் கடையானாலும் ஈதான் முதலில் பறந்துபோய் வாய் வைப்பாள். "நல்லா இருக்கு, வாங்க" என்று அவள் கூப்பிட்ட பிறகுதான் மற்ற இருவரும் தொட வேண்டும்.

"எப்பவும் முதல் வாய் இவளுக்குத்தான். ஆசை பிடிச்சவ" என்று எறும்பு முணுமுணுப்பாள்.

"றெக்கை இருக்கிற திமிரு, தங்கச்சி" என்பார் கரப்பான்.

அன்று கடைசிக் கடையின் மூலையில், யாரோ எடுத்து வைத்ததுபோல் ஒரு முழு லட்டு தனியாக இருந்தது. ஈ வழக்கம்போல் போய் வாய் வைத்தாள். வைத்தவள் சட்டென்று திரும்பி, "இது வேணாம். ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க" என்றாள். குரல் கம்மியிருந்தது.

"பூரா லட்டும் உனக்கே வேணுமா? நீயே தின்னு கொழு!" என்று கத்தினாள் எறும்பு.

"வா தங்கச்சி. இவ எச்சிலுக்குக் காத்துக் கிடக்க நாம என்ன நாதியத்தவங்களா?" என்று கரப்பான் அவளை இழுத்துக்கொண்டு நடந்தார். இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் ஈ வரவில்லை. இன்னும் தின்றுகொண்டிருப்பாள் என்று திட்டிக்கொண்டே தேடிப் போனார்கள்.

லட்டின் பக்கத்தில் அவள் மல்லாந்து கிடந்தாள். லட்டில் ஒரே ஒரு துணுக்குதான் குறைந்திருந்தது.