மாமாவின் இருமல்

"மூச்சு விடறதுக்கு ஒரு பட்டமா? நான் அம்பத்திரண்டு வருஷமா பட்டம் இல்லாமத்தான் விட்டுண்டிருக்கேன்."

இதைச் சொன்னபோது சிவராமகிருஷ்ணன் கட்டில் விளிம்பில் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தார். இடுப்புக்கடியில் தலையணைகள். தலையில் குரங்குக் குல்லா.

அக்கா மகள் பாகீரதி கைகளைக் கிண்ணம்போல் குவித்து அவர் முதுகில் தொப் தொப்பென்று தட்டினாள். கொஞ்சம் பலமாகவே.

"நீங்க விடறது மூச்சு இல்லை மாமா, விசில். படிச்சவாளுக்குத்தான் வித்தியாசம் தெரியும்."

"பொம்மனாட்டி தட்டி ஆம்பளைச் சளி கரையுமாக்கும்."

"ஆம்பளைச் சளின்னு தனியா ஒண்ணும் கிடையாது. நுரையீரலுக்கு மீசை முளைக்காது."

வங்காளத்து டாக்குரியாவில் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்த செய்தி, மதராஸிப் பெண் தினமும் காலையில் மாமாவை அடிக்கிறாள் என்பது. கீழ் வீட்டு வங்காளி மாமியான மாஷிமா ஒருநாள் மாடியேறி வந்து, தலைகீழாகக் கிடந்தவரிடமே, போலீஸைக் கூப்பிடட்டுமா என்று குனிந்து விசாரித்துவிட்டுப் போனாள்.

பாகீரதிக்கு வேறு வழியில்லை. பிஸியோதெரபி பட்டப்படிப்பில் கடைசி வருஷம், நெஞ்சு சிகிச்சை. குளிர்காலம் முழுக்கத் தானே தட்டிக் குணப்படுத்திய ஒரு நோயாளியைப் பரீட்சைக்குக் கூட்டிப்போக வேண்டும். வார்டில் இருந்த ஆண்களோ, பெண்பிள்ளை கையால் முதுகில் அடி வாங்குவதாவது என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள்.

நோயாளி இல்லையென்றால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால், ஜாம்ஷெட்பூரில் அப்பா ஒரு பாங்க் மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தார்.

நல்லவேளையாக, காளி பூஜைப் பட்டாசுப் புகையில் மாமாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, கடைசியில் ரயில் நிற்கிற மாதிரி ஒரு சீழ்க்கை. பாகீரதிக்கு அது மனப்பாடம். டிசம்பரில் வறட்டு இருமல் சளி இருமலாக மாறியது.

"பாத்தேளா, கரையறது."

"குல்லா போட்டேன், கரையறது."

பரீட்சையன்று பெரிய டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை மாமாவின் முதுகெல்லாம் வைத்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். "இருமலால் அவதிப்பட்ட நெஞ்சு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இப்படி ஒரு குணம் நான் கண்டதில்லை."

பாகீரதி தேறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள். "இப்பவாவது ஒத்துக்கோங்கோ. என் படிப்புதானே குணப்படுத்தித்து?"

"தானா வந்தது, தானா போச்சு."

"உங்களை மாதிரி ஆம்பளைகளுக்கு நன்றின்னா என்னன்னே தெரியாது மாமா. ஒரு பெண் சாதிச்சாள்னு வாயால சொல்லிட்டா உங்க பூணூல் அறுந்துடுமா? உங்களைப் போய்..."

வாசலில் யாரோ இருமினார்கள்.

குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று. கடைசியில் சீழ்க்கை.

பாகீரதி மாமாவைப் பார்த்தாள். மாமாவின் வாய் மூடியே இருந்தது.

கதவைத் திறந்தாள். கோஷ் பாபு. கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் மாமாவுக்குப் பக்கத்து மேஜை.

"மாமா, இது உங்க இருமல்."

மாமா குல்லாவைக் கழற்றி மெதுவாக மடித்தார்.

"முதல்ல அவர் முதுகைத்தான் கேட்டேன். பெண்குழந்தை தட்டறதுன்னா கூச்சமா இருக்குன்னுட்டார். சரி, இருமவாவது சொல்லிக்குடுங்கோன்னேன். தினமும் டிபன் வேளையில கத்துண்டேன்."

கோஷ் பாபு மப்ளரை இறுக்கிக்கொண்டு இன்னொரு தடவை இருமி முடித்தார். பிறகு வங்காளத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"சிவராம் பாபு, பரீட்சை முடிந்துவிட்டதா? இனிமேல் நான் மருந்து சாப்பிடலாமா?"